திரை கறுத்துப் போனால் பதறாதீங்க, ஃபார்மட்டுக்குத் தலையாட்டாதீங்க!

(ஜவ்வாது மலை, ஜமுனாமரத்தூரில் கல்லூரி மாணவர்களிடமும் வேலைக்கு விண்ணப்பித்து வரும் இளைஞர்களிடமும் நம் இதழின் எழுத்தாளர் பேசியதன் எழுத்து வடிவம்)



முதலில் ஒரு கேள்வி. லேப்டாப்பை ரிப்பேருக்குக் கொடுப்பதற்காக மட்டுமே மலை இறங்கிப் போனவங்க உங்களில் எத்தனை பேர்? கை தூக்குங்க பார்ப்போம்... பாதிப் பேருக்கு மேல் தூக்கிட்டீங்க. போளூருக்கோ திருப்பத்தூருக்கோ பஸ் ஏறினால் ஒரு நாள் போச்சு. திரும்ப வாங்கி வர இன்னொரு நாள். அன்றைய கூலியும் போச்சு, வகுப்பும் போச்சு.

தமிழ்நாட்டில் மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி வழங்கும் திட்டம் 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கியது. 2025-26 பட்ஜெட்டில், கல்லூரி மாணவர்கள் 20 லட்சம் பேருக்கு இரண்டு ஆண்டுகளில் மடிக்கணினி அல்லது கைக்கணினி தரப்படும் என்று அறிவிப்பு வந்தது. பல வீடுகளில் அதுதான் முதல் கம்ப்யூட்டர். அது ஒரு நாள் காலையில் ஆன் ஆகி, திரை மட்டும் கறுப்பாக நின்றால் என்ன செய்வது? அதைத்தான் இன்றைக்குப் பேசப் போகிறோம்.

என் கதையை முதலில் சொல்லிடறேன். நான் இதழியல் படிக்கும்போது, கடைசி வருட புராஜெக்டுக்காக இந்த மலைக்குத்தான் வந்தேன். சாமை பயிரிடும் பெரியவர்கள் 11 பேரிடம் பேசிப் பதிவு செய்தேன். எல்லாம் லேப்டாப்பில் மட்டும்தான் இருந்தது. ஒரு நாள் திரை கறுப்பு. ஒரு கடையில் கொடுத்தேன். "விண்டோஸ் கெட்டுப்போச்சு, ஃபார்மட் போட்டாத்தான் வரும்"னு சொன்னாங்க. அவசரத்தில் சரின்னு தலையாட்டிட்டேன். லேப்டாப் வந்தது, குரல்கள் போயிடுச்சு.

இரண்டே வாரத்தில் மறுபடியும் கறுப்பு. இந்த முறை வேறொருவர் அதை டிவியில் மாட்டிப் பார்த்தார். படம் பளிச்சென்று வந்தது. மூடிக்கும் உடம்புக்கும் நடுவில் ஓடும் டிஸ்ப்ளே கேபிள் லூஸ், அவ்வளவுதான். விண்டோஸுக்கு ஒன்றுமே ஆகவில்லை. அழித்தது வீண். திரும்பப் பதிவு செய்ய மலைக்கு வந்தேன். பத்துப் பேர் மறுபடி பேசினாங்க. பதினோராவது ஒரு பாட்டி. அவங்க அதற்குள் காலமாகியிருந்தாங்க.

அதனால் நான் சொல்ல வந்தது ஒன்றுதான். திரை கறுத்தால், உள்ளே இருப்பது போய்விட்டது என்று அர்த்தமில்லை. பெரும்பாலும் எல்லாம் அப்படியே பத்திரமாக இருக்கும். காரணம் தெரியும் முன் யாரையும் அழிக்க விடாதீங்க. இனி வரிசையாகப் பார்ப்போம்.

ஒன்று: உயிர் இருக்கிறதா?

பவர் பட்டனை அழுத்திவிட்டுக் காதை வைத்துக் கேளுங்க. ஃபேன் சத்தம் வருகிறதா? விளக்கு எரிகிறதா? கேப்ஸ் லாக் பட்டனைத் தட்டினால் அதன் விளக்கு எரிந்து அணைகிறதா? எதுவுமே இல்லையென்றால் பிரச்சினை கரன்ட் பக்கம். வேறு பிளக்கில் மாட்டுங்க, அதே மாடலுக்கான வேறு சார்ஜர் கிடைத்தால் போட்டுப் பாருங்க, அரை மணி நேரம் சார்ஜ் ஏற விடுங்க. கேப்ஸ் லாக் விளக்கு நீங்கள் தட்டுவதற்கு ஏற்றபடி எரிந்து அணைந்தால், உள்ளே கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டிருக்கிறது. கண்ணுக்குத் தெரியவில்லை, அவ்வளவே.

இரண்டு: தேங்கிய மின்சாரத்தை இறக்குங்க

இது பாதிப் பேருக்குத் தெரியாத வைத்தியம். பவர் பட்டனைப் பிடித்தபடி முழுசாக அணையுங்க. சார்ஜர், பென் டிரைவ், மவுஸ் எல்லாவற்றையும் கழற்றுங்க. பேட்டரி வெளியே எடுக்கிற மாதிரி பழைய மாடல் என்றால் அதையும் எடுங்க. இப்போது பவர் பட்டனை 30 வினாடி விடாமல் அழுத்திப் பிடியுங்க. பிறகு பேட்டரி, சார்ஜர் மட்டும் மாட்டி ஆன் செய்யுங்க. இதற்குக் காசும் செலவில்லை, எந்தக் கோப்பும் அழியாது.

மூன்று: கெட்டது திரையா, கம்ப்யூட்டரா?

முதலில் கீபோர்டில் சூரியன் படம் போட்ட பட்டனால் வெளிச்சத்தைக் கூட்டிப் பாருங்க. அடுத்து, அறையை இருட்டாக்கி, போன் டார்ச்சைத் திரையில் சாய்வாக அடியுங்க. மங்கலாக எழுத்தோ படமோ தெரிந்தால், திரைக்குப் பின்னால் எரியும் விளக்குதான் பழுது. மூன்றாவதாக, எச்டிஎம்ஐ கேபிளால் டிவியில் மாட்டி, விண்டோஸ் கீயையும் பி எழுத்தையும் சேர்த்துத் தட்டுங்க. டிவியில் படம் வந்தால் கோப்புகள் பத்திரம். உடனே பென் டிரைவில் நகல் எடுத்துவிட்டு, திரையை மட்டும் பார்க்கச் சொல்லுங்க.

நான்கு: கம்பெனி லோகோ வந்து, அப்புறம் கறுப்பா?

அப்படியென்றால் திரை நன்றாக இருக்கிறது, தடுமாறுவது விண்டோஸ். விண்டோஸ் கீ, கண்ட்ரோல், ஷிஃப்ட், பி நான்கையும் ஒன்றாக அழுத்துங்க. இது திரைக்கான டிரைவரை மட்டும் மறுபடி எழுப்பும். கறுப்பில் மவுஸ் அம்பு மட்டும் தெரிந்தால் கண்ட்ரோல், ஆல்ட், டெலீட் அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறந்து, புது டாஸ்க் ஓட்டும் இடத்தில் 'எக்ஸ்ப்ளோரர்' என்று ஆங்கிலத்தில் தட்டி என்டர் கொடுங்க. பல நேரம் டெஸ்க்டாப் வந்துவிடும்.

அதிலும் வரவில்லையா? லோகோ தோன்றியதும் பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணையுங்க. இப்படி இரண்டு மூன்று முறை செய்தால் ரிப்பேர் திரை தானாக வரும். அதில் டிரபுள்ஷூட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ் என்று போய், ரீஸ்டார்ட் கொடுத்து, 4 அழுத்தினால் சேஃப் மோடில் திறக்கும். திறந்ததும் முதல் வேலை, முக்கியமானதைப் பென் டிரைவில் நகல் எடுப்பது. கடைசியாக வந்த அப்டேட்டை நீக்கும் வசதியும் அதே அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸில் இருக்கிறது. வழியில் 48 இலக்க மீட்பு எண் கேட்டால் பயப்படாதீங்க. லேப்டாப்பில் போட்ட மைக்ரோசாஃப்ட் கணக்கிலேயே பெரும்பாலும் அது இருக்கும். போன் பிரவுசரில் அந்தக் கணக்கைத் திறந்து எடுக்கலாம். இன்றைக்கே எடுத்து ஒரு நோட்டில் எழுதி வைங்க.

இன்னொரு விஷயம். விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் போட்டுத் தந்த லேப்டாப் சிலரிடம் இருக்கும். விண்டோஸ் திறக்காவிட்டாலும், ஆன் செய்ததும் வரும் பட்டியலில் பாஸ் லினக்ஸைத் தேர்ந்தெடுத்து உள்ளே போய்க் கோப்புகளை எடுக்க முயற்சி செய்யலாம்.

மலைக்கென்றே சில பழக்கம்

மார்கழி, தையில் இங்கே குளிர் எப்படி என்று உங்களுக்கே தெரியும். பனியில் பைக்கில் கொண்டு வந்த லேப்டாப்பை, சூடான அறைக்குள் வந்த உடனே ஆன் செய்யாதீங்க. உள்ளே ஈரம் கோத்திருக்கும். ஒரு மணி நேரமாவது விட்டுவிட்டு ஆன் செய்யுங்க. மழைத் தண்ணீர் உள்ளே போயிருந்தால் ஆன் செய்து சோதிக்கவே கூடாது. சார்ஜரைக் கழற்றி, அப்படியே சர்வீசுக்குக் கொண்டு போங்க. இடி இடிக்கும் முன்பே சார்ஜரைப் பிளக்கிலிருந்து எடுத்துவிடுங்க.

கடைக்குப் போகும்போது

மேலே சொன்னதில் எதெல்லாம் செய்தீங்க, என்ன தெரிந்தது என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்க. வாரன்டி இருந்தால் அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டருக்கு மட்டும் போங்க, நீங்களாகத் திறக்காதீங்க. கொடுக்கும் ரசீதிலேயே "என்னைக் கேட்காமல் ஃபார்மட் செய்யக் கூடாது" என்று எழுதி வாங்குங்க. ஃபார்மட்தான் வழி என்றால், "முதலில் கோப்புகளை நகல் எடுத்துக் கொடுங்க" என்று கேளுங்க. கேட்பது உங்கள் உரிமை, கூச்சப்பட வேண்டாம். கூகுளில் தேடிக் கிடைக்கும் எல்லா கஸ்டமர் கேர் நம்பரும் உண்மையானது அல்ல. போனில் ஏதாவது ஆப் இறக்கச் சொன்னாலோ, ஓடிபி கேட்டாலோ வைத்துவிடுங்க. பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930-க்கு அழையுங்க.

விண்ணப்பத்துக்கு நாளைதான் கடைசி நாள் என்றால்? லேப்டாப்போடு மல்லுக்கட்டிக்கொண்டு உட்காராதீங்க. டிஜிலாக்கரில் உள்ள சான்றிதழ்களைப் போனிலேயே எடுக்கலாம். பல விண்ணப்பங்களைப் போன் பிரவுசரிலேயே முடிக்கலாம், இல்லாவிட்டால் இ-சேவை மையத்துக்குப் போங்க. லேப்டாப் அடுத்த வாரம் சரியாகும், கடைசி நாள் காத்திருக்காது.

வீட்டுக்குப் போனதும் ஒரு வேலை செய்வீங்களா? லேப்டாப் நன்றாக இருக்கும்போதே சான்றிதழ், புராஜெக்ட், குடும்பப் படங்கள் எல்லாவற்றையும் ஒரு பென் டிரைவில் போட்டு பீரோவில் வைங்க. பத்து நிமிட வேலை. நான் அன்றைக்கு அந்தப் பத்து நிமிடத்தைச் செலவழித்திருந்தால், அந்தப் பாட்டியின் குரலை இன்றைக்கு உங்களுக்கும் போட்டுக் காட்டியிருப்பேன்.