விண்வெளி எங்கே தொடங்குகிறது?



'விண்வெளி எந்த உயரத்தில் தொடங்குகிறது?' என்று வகுப்பில் கேட்டால், '100 கிலோமீட்டர்' என்று மாணவர்கள் சொல்வார்கள். நாமும் மதிப்பெண் கொடுத்துவிடுவோம். 'அந்த இடத்தில் என்ன மாறுகிறது, ஐயா?' என்று ஒரு குழந்தை திருப்பிக் கேட்டால் என்ன சொல்வது?

வளிமண்டல அடுக்குகளைப் பிரிப்பதற்கு அடிப்படை வெப்பநிலை. தரைதான் காற்றைச் சூடாக்குகிறது. அதனால் கீழடுக்கில் மேலே செல்லச் செல்ல, கிலோமீட்டருக்குச் சராசரியாக 6.5 டிகிரி செல்சியஸ் குறைகிறது. மீள் அடுக்கில் ஓசோன் வாயு புற ஊதாக் கதிர்களை உறிஞ்சுவதால் வெப்பநிலை கூடுகிறது. ஏறத்தாழ 50 கிலோமீட்டருக்கு மேல், இடையடுக்கில் மறுபடியும் குறைகிறது. சுமார் 85 கிலோமீட்டருக்கு மேல், வெப்ப அடுக்கில் மீண்டும் உயர்கிறது. ஆக, இந்த எல்லைகள் இயற்கையிலேயே உள்ள திருப்பங்கள்.

100 கிலோமீட்டர் அப்படிப்பட்டதல்ல. அது வெப்ப அடுக்கின் உள்ளேயே இருக்கிறது. மேலே போகப் போகக் காற்று மெலிகிறது. ஓர் உயரத்துக்கு மேல் விமானத்தின் இறக்கையைத் தாங்க அது போதாது. இந்தக் கருத்தை ஒட்டி, பன்னாட்டு வான்விளையாட்டுக் கூட்டமைப்பு ஏற்றுக்கொண்ட எல்லைதான் 'கார்மன் கோடு' எனப்படும் 100 கிலோமீட்டர். அமெரிக்க விமானப் படையோ 50 மைலை, அதாவது சுமார் 80 கிலோமீட்டரை, எல்லையாகக் கொள்கிறது.

2021 ஜூலையில் ரிச்சர்ட் பிரான்சன் சுமார் 86 கிலோமீட்டர் உயரம் சென்றார். சில நாள் கழித்து ஜெஃப் பெசோஸ் 100 கிலோமீட்டரைத் தாண்டினார். பிரான்சன் விண்வெளிக்குச் சென்றாரா? ஒரு விதிப்படி ஆம். இன்னொரு விதிப்படி இல்லை. இந்தக் கேள்வியை மாணவர்களிடம் விடுங்கள், நன்றாக விவாதிப்பார்கள்.

காற்று அந்தக் கோட்டோடு முடிந்தும் விடுவதில்லை. சுமார் 400 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் பன்னாட்டு விண்வெளி நிலையத்தையும் மெல்லிய காற்று உரசி, சிறிது சிறிதாகக் கீழே இறக்குகிறது. அவ்வப்போது இயந்திரங்களை இயக்கி அதை உயர்த்த வேண்டியிருக்கிறது.

ஒரு செயல்பாடும் செய்யலாம். 30 சென்டிமீட்டர் விட்டமுள்ள உலக உருண்டையை மேசைமேல் வையுங்கள். அந்த அளவில் 100 கிலோமீட்டர் என்பது இரண்டரை மில்லிமீட்டர்கூட இல்லை. மழையும் மேகமும் உருவாகும் கீழடுக்கு அரை மில்லிமீட்டருக்கும் குறைவு. நாம் சுவாசிக்கும் காற்று எவ்வளவு மெல்லிய போர்வை என்பதை மாணவர்கள் கண்ணாலேயே காண்பார்கள்.

எண்ணை மனப்பாடம் செய்யட்டும்; தவறில்லை. அதோடு, 'இந்த எல்லை இயற்கை காட்டியதா, மனிதர் வகுத்ததா?' என்றும் கேட்கப் பழகட்டும். அறிவியல் பாடம் அங்கேதான் தொடங்குகிறது.