கணக்குக் கேட்பது எங்கள் உரிமை
(தோட்டத் தலைவர்கள், தலைவிகளுக்கான கருத்தரங்கில் ஆற்றிய உரை)



ஒரு அரசாங்கக் கந்தோர் நேர்மையாக நடக்கிறதா என்று எப்படி அறிவது? அங்குள்ள ஐயா நல்லவர் என்பது போதாது. நாளைக்கே அவர் மாற்றலாகிப் போகலாம். யார் வந்தாலும் வேலை ஒழுங்காக நடப்பதற்கு ஏற்பாடு இருக்கிறதா என்றுதான் நாம் பார்க்க வேண்டும்.

அதற்கு நான்கு கேள்விகள் போதும். எந்தச் சேவைக்கு எவ்வளவு கட்டணம், எத்தனை நாள் என்று அறிவித்திருக்கிறார்களா? கட்டிய காசுக்குப் பற்றுச்சீட்டு உண்டா? முறைப்பாட்டுக்கு எழுத்தில் பதில் வருகிறதா? வெளியிலிருந்து கணக்குப் பார்ப்பவர் யார்?

இதை எங்கள் சேமலாப நிதிக்குப் போட்டுப் பார்ப்போம். 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டப்படி எங்கள் சம்பளத்தில் 8 சதவீதம், தொழில் தருநரின் பங்கு 12 சதவீதம். ஒரு மாதப் பணத்தை அடுத்த மாத முடிவுக்குள் கட்ட வேண்டும்; பிந்தினால் மிகைக்கட்டணம். சட்டம் தெளிவாகத்தான் இருக்கிறது. ஆனால் செக்ரோலில் கழித்த பணம் நிதிக்குப் போகாவிட்டால், பெண்கள் 50 வயதிலும் ஆண்கள் 55 வயதிலும் விண்ணப்பம் போடும்போதுதான் குறை தெரியவரும். கூடையை இறக்கி வைத்தபின் யாரிடம் போய் நிற்பது?

நிதியைப் பொறுப்பில் வைத்திருப்பது மத்திய வங்கி. 2015 பிணைமுறி விவகாரத்தை விசாரித்த ஜனாதிபதி ஆணைக்குழு இந்த நிதியின் கொடுக்கல் வாங்கல்களையும் ஆராய்ந்தது. ஆகவே கொழும்பில் நடப்பது லயத்துக்குச் சம்பந்தமில்லாத விடயம் அல்ல.

எங்கள் கையில் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. எங்கள் பெயரில் எந்தெந்த மாதம் பணம் கட்டப்பட்டது என்று தொழில் திணைக்களத்தைக் கேட்கலாம். காரணம் சொல்லத் தேவையில்லை. எழுத முடியாதவர் வாயால் கேட்கலாம். தகவல் உத்தியோகத்தர் உதவ வேண்டும். 14 வேலை நாட்களுக்குள் தீர்மானம் சொல்ல வேண்டும். மறுத்தால் மேன்முறையீடு, அதற்கு மேல் தகவல் ஆணைக்குழு. 2018 திருத்தத்தின் பின் பிரதேச சபைகள் தோட்டங்களிலும் செலவு செய்யலாம். எங்கள் பாதைக்கு எவ்வளவு ஒதுக்கினார்கள் என்றும் இதே வழியில் கேட்கலாம். இலஞ்சம் கேட்டால், 2023ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க ஊழல் எதிர்ப்புச் சட்டப்படி இலஞ்ச ஊழல் ஆணைக்குழு இருக்கிறது.

அந்த நான்கு கேள்விகளும் எங்கள் சங்கத்துக்கும் பொருந்தும். சந்தாப் பணமும் எங்கள் பணம்தான். அதன் கணக்கைத் தோட்டக் கமிட்டிக் கூட்டத்தில் வாசிக்கச் சொல்லுங்கள். ஊரைக் கணக்குக் கேட்பவர்கள் முதலில் தம் கணக்கைக் காட்ட வேண்டும்.

இந்த மாதமே தொடங்குவோம். ஒவ்வொரு தோட்டத்திலும் ஓய்வு வயதை நெருங்கியவர்களின் பெயர்களை எழுதுங்கள். அவர்களுடைய சம்பளச் சீட்டுகளைச் சேருங்கள். விண்ணப்பம் எழுத நாங்கள் வருகிறோம்.