முதுமையும் கொலஸ்திரோல் குளிசையும்



"இரத்தத்திற் கொழுப்புக் குறைந்துவிட்டதே, இனிக் குளிசை எதற்கு?" எழுபது வயதைக் கடந்தோர் பலரிடத்தில் இக்கேள்வி எழுவதுண்டு. நெல்லியடியிலிருந்து மந்திகை ஆதார வைத்தியசாலைக் கிளினிக்குக்குச் சென்று வரும் முதியவருக்கும் இஃது உரிய கேள்வியே. கிளினிக் கொப்பியிலே குளிசைகள் ஐந்து, ஆறு எனப் பெருகும்போது, ஒன்றையேனும் குறைக்க மனம் விழைவது இயல்பு. ஆனால், அம்முடிவை வைத்தியரைக் கேளாது நாமே எடுத்தல் ஆகாது.

ஸ்ரற்றின் எனப்படும் இம்மருந்தின் மூலப்பொருளை, யப்பானிய அறிஞர் அக்கிரா எண்டோ 1973 ஆம் ஆண்டிலே ஒரு பூஞ்சணத்திலிருந்து கண்டறிந்தார். நமது ஈரல் கொலஸ்திரோலை ஆக்கும் வேலையை இது தணித்து வைக்கிறது. மருந்தை விட்டால் ஈரல் மீண்டும் தன் வேலையைத் தொடங்கும். சில வாரங்களிற் கொலஸ்திரோல் பழைய அளவுக்கு ஏறிவிடும். எண் இறங்கியிருப்பதற்குக் காரணமே அக்குளிசைதான்.

மாரடைப்போ பாரிசவாதமோ ஒரு முறை கண்டவர், தக்க காரணமின்றி இதனை நிறுத்தலாகாது. இதய நோய் காணாதவர் நிலை என்ன? 75 வயதை எட்டிய 1,20,173 பேரைப் பிரான்சிலே தொடர்ந்து கவனித்து, 2019 இல் முடிவை வெளியிட்டனர். மருந்தை நிறுத்தியவர்கள் இதய, குருதிக்குழாய் நோய்களால் வைத்தியசாலையிற் சேரும் வாய்ப்பு 33 வீதம் கூடுதலாயிருந்தது. இத்தகைய கணிப்பு காரணத்தை ஐயமற நிறுவாதெனினும், நம்மை எச்சரிக்கப் போதுமானது.

தசை நோவினால் நிறுத்த விரும்புவோரும் உளர். அவ்வாறு கைவிட்ட 60 பேருக்கு இங்கிலாந்திலே சில மாதங்கள் மெய்யான குளிசையும், சில மாதங்கள் மருந்தில்லாக் குளிசையும் மாற்றி மாற்றிக் கொடுத்துப் பார்த்தனர். மருந்தின்போது கண்ட உபாதையிற் பத்தில் ஒன்பது பங்கு, வெறுங் குளிசையின்போதும் கண்டதென 2020 இல் அறிவித்தனர். எனினும், கடும் நோவும் சிறுநீர் கருநிறமாதலும் கண்டால் உடனே வைத்தியரை நாடவேண்டும்.

நிறுத்துவதே தகும் காலமும் உண்டு. தீரா நோயால் வாழ்நாள் குறுகியோர் 381 பேரை அமெரிக்காவில் ஆராய்ந்து 2015 இல் வெளியிட்ட முடிவின்படி, மருந்தை விட்டவர்களின் வாழ்க்கைச் சுகம் சற்றே மேம்பட்டது. மரணம் குறிப்பிடத்தக்க அளவு கூடவில்லை.

2022 ஆம் ஆண்டு இலங்கையில் மருந்தும் எரிபொருளும் அரிதாகியபோது, சிகிச்சை தடைப்பட்டோர் பலர். எக்காரணத்தால் குளிசை நின்றிருப்பினும் அதனை வைத்தியரிடம் மறையாது கூறுங்கள். நிறுத்திய பின் கொலஸ்திரோலை மீண்டும் சோதிப்பியுங்கள். குருதி அமுக்கத்தையும் நீரிழிவையும் தவறாது பார்ப்பியுங்கள். கால் வீக்கமோ, நடக்கையில் மூச்சிளைப்போ புதிதாய்த் தோன்றினால் அடுத்த கிளினிக் நாள்வரை பொறுத்திராதீர்கள். நெஞ்சு இறுகி, நோவு தோளுக்கோ தாடைக்கோ பரவினால் 1990 என்னும் இலக்கத்தை அழையுங்கள். சுவசெரிய அம்புலன்ஸ் கட்டணமின்றி வரும்.

அடுத்த முறை கிளினிக்குக்குச் செல்லும்போது, "இக்குளிசை எனக்கு இன்னும் வேண்டுமா?" என்று கூசாது கேளுங்கள். கேட்கும் உரிமை உங்களுடையது. விடையை இருவரும் சேர்ந்து காணுங்கள்.