இருட்டைக் கேட்ட கொலைகாரன்

(வாசகசாலைக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகம் இருண்டு போகுமா என்று நாம் கேட்பதுண்டு. ஷேக்ஸ்பியர் 1606-ம் ஆண்டையொட்டி எழுதிய ‘மாக்பெத்’ நாடகம் அந்தப் பூனையின் கதைதான்.

மாக்பெத் ஸ்காட்லாந்தின் தளபதி. போரில் வென்று திரும்புகிறவன். நீ அரசனாவாய் என்று மூன்று சூனியக்காரிகள் ஆசை காட்டுகிறார்கள். அரசன் டங்கனைக் கொல்லும் எண்ணம் எழுந்ததும் அவன் முதலில் எதைக் கேட்கிறான்? கத்தியையா? இல்லை. நட்சத்திரங்கள் ஒளியை மறைத்துக்கொள்ள வேண்டுமாம். கை செய்வதைக் கண் பார்க்கக் கூடாதாம்! அவன் மனைவியும் காரிருளைக் கூவி அழைக்கிறாள். தன் கத்தி, தான் உண்டாக்கும் காயத்தையே காணக் கூடாது என்கிறாள்.

கவனியுங்கள். காவலாளிகளின் கண்ணை மறைக்க மதுவே போதுமாயிருந்தது. இருட்டு தங்கள் கண்ணுக்கே பயந்து கேட்டது. டங்கன் நல்லவன், உறவினன், தன் வீட்டுக்கு வந்த விருந்தாளி என்று மாக்பெத்துக்குத் தெரியும். தெரிந்ததைத் தெரியாததாக்கிக் கொள்ளத்தான் இந்தத் திரை.

திரை பலித்ததா? பாங்கோவைக் கொல்லும்போது தீப்பந்தம் அணைகிறது. அதே இருட்டில் பாங்கோவின் மகன் தப்பிவிடுகிறான். இருட்டு எவனுக்கும் கூலியாள் அல்ல! கொஞ்சம் தண்ணீரில் கை சுத்தமாகிவிடும் என்ற ராணி, பின்னால் தூக்கத்தில் எழுந்து நடந்து, இல்லாத ரத்தக்கறையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவுகிறாள். இரவைக் கூவி அழைத்தவளுக்கு, இப்போது பக்கத்தில் எந்நேரமும் விளக்கு எரிய வேண்டும்!

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1611-ல் லண்டன் குளோப் அரங்கில் இந்நாடகத்தைப் பார்த்தவர் ஒருவர் எழுதிய குறிப்பு இருக்கிறது. அந்த அரங்கின் நடுவே கூரை கிடையாது. நாடகம் பிற்பகலில் நடக்கும். ஒரு பென்னி கொடுத்து, தரையில் நின்று பார்த்தவர்களில் கைத்தொழிலாளிகளும் வேலை பழகும் பையன்களும் உண்டு. மேடையில் மாக்பெத் இருட்டு, இருட்டு என்கிறான். இவர்கள் தலைக்கு மேலோ பட்டப்பகல்! அவன் ரத்தக் கையோடு வருவதை அத்தனை பேரும் பார்க்கிறார்கள். அவன் கேட்ட இருட்டு அவன் வாயில் மட்டுமே இருந்தது.

தோழர்களே, இது ராஜாக்களோடு முடிந்த கதையல்ல. சங்கத்துப் பணமானாலும் சரி, கூட வேலை செய்பவனின் கூலியானாலும் சரி, “யாருக்குத் தெரியப் போகிறது” என்று நம் மனம் சொல்லும்போதே நாமும் விளக்கை அணைக்கப் போகிறோம் என்று அர்த்தம். யாருக்குத் தெரியாவிட்டாலும், கேட்ட நமக்குத் தெரியும். அந்த நிமிஷம் விளக்கைத் தூண்டிவிட்டு, கையை அதன் அடியில் நீட்டிப் பாருங்கள்.