விமான நிலையத்திலிருந்து விடுதி வரை

பிரயாணம் செய்து திரும்பியவர்கள் தாம் கண்ட நகரங்களின் சிறப்பை விரிவாக எடுத்துரைப்பார்கள். மாளிகைகள், பாலங்கள், நூதனசாலைகள், கடைவீதிகள் யாவும் அவர்தம் பேச்சில் இடம்பெறும். விமானத்தை விட்டிறங்கி விடுதியின் வாயிலை அடையும் வரையுள்ள அந்த ஒரு மணி, இரண்டு மணி நேரத்தைப் பற்றி மட்டும் அவர்கள் அதிகம் பேசுவதில்லை. ஆயினும் அயல்நாட்டுக்குப் புதிதாகச் செல்லும் ஒருவர் எளிதில் ஏமாற்றப்படக்கூடிய நேரம் அதுவேயாகும். உடல் களைத்திருக்கும், கையிலே பாரமான பெட்டிகள் இருக்கும், அந்நாட்டு நாணயத்தின் பெறுமதி மனத்திற் பதிந்திராது. கேட்ட விலை நியாயமானதா என்று உசாவுவதற்கு அறிந்த முகம் ஒன்றும் அருகில் இராது.

வயது முதிர்ந்த தம்பதியர் இருவர் கொழும்பிலிருந்து புறப்பட்டு, மாரிகால இரவொன்றில் லண்டன் மாநகரின் ஹீத்ரோ விமான நிலையத்தில் வந்திறங்குகின்றார்கள் என்று கொள்ளலாம். அங்கேயுள்ள கடிகாரம் இரவு ஒன்பது மணி என்று காட்டுகின்றது. கணவரின் கைக்கடிகாரமோ இன்னமும் இலங்கை நேரப்படி அதிகாலை இரண்டரை மணியைக் காட்டிக்கொண்டிருக்கின்றது. கடவுச்சீட்டுப் பரிசோதனை முடிந்து, பெட்டிகளை எடுத்து, சுங்கப் பகுதியையுங் கடந்து வெளி மண்டபத்துக்கு வந்ததும், கம்பித் தடுப்பின் அப்பாற் பெயர்ப்பலகைகளை ஏந்தியபடி பலர் நிற்பதைக் காண்கிறார்கள். அவர்களைச் சேராத ஒருவர் பக்கத்தில் வந்து, "டாக்ஸி வேண்டுமா? எங்கே போகவேண்டும்?" என்று மிக அன்பாக வினவுகின்றார். வினவிக்கொண்டே பெட்டி வண்டியிலும் கை வைக்கின்றார். அத்தம்பதியர் அவரோடு செல்லலாமா?

செல்லலாகாது. அதற்குரிய காரணத்தை விளங்கிக்கொள்வதற்கு, லண்டன் நகரில் வாடகைக்கு ஓடும் மோட்டார் வண்டிகள் சட்டத்தின் பார்வையில் இருவகைப்படும் என்பதை அறிதல் வேண்டும்.

முதல்வகை, உலகப் பிரசித்தி பெற்ற கறுப்பு டாக்ஸி. இந்நாளில் வேறு நிறங்களிலும் அவ்வண்டிகள் ஓடினும் பழைய பெயரே வழங்கி வருகின்றது. இதன் சாரதியாக விரும்புபவர், சாரிங் குரொஸ் என்னும் இடத்தை மையமாகக் கொண்டு ஆறு மைல் சுற்றளவுக்குள் அடங்கிய ஏறக்குறைய 25,000 வீதிகளையும், அவ்வீதிகளிலுள்ள முக்கிய இடங்களையும் மனப்பாடமாக அறிந்து பரீட்சையிற் சித்தியடைதல் வேண்டும். 1865ஆம் ஆண்டு முதல் நடைபெற்றுவரும் இப்பரீட்சைக்கு 'நொலெஜ்', அதாவது 'அறிவு' என்பதே பெயர். இதற்குத் தம்மை ஆயத்தப்படுத்துவோர் மூன்று, நான்கு ஆண்டுகள் படிப்பதும் உண்டு. வீதியிற் கைகாட்டி மறிக்கும் பிரயாணியை ஏற்றவும், தரிப்பிடத்தில் வரிசையாக நின்று பிரயாணிகளை ஏற்றவும் இவ்வகை வண்டிகளுக்கே உரிமையுண்டு. கட்டணத்தை மீட்டர் காட்டும். அதன் வீதத்தை நகரப் போக்குவரத்து அதிகாரசபை நிர்ணயிக்கும்.

இரண்டாவது வகை, 'மினிகாப்' என்று மக்கள் வழங்கும் தனியார் வாடகைக் கார். 1961ஆம் ஆண்டளவில், தொலைபேசியில் அழைத்தால் வரும் சிறிய கார்கள் லண்டன் வீதிகளில் ஓடத் தொடங்கியபொழுது, கறுப்பு டாக்ஸிச் சாரதிகள் அவற்றைக் கடுமையாக எதிர்த்தார்கள். பல ஆண்டுகளாக இக்கார்கள் தனிப்பட்ட அனுமதிப்பத்திர முறை எதற்கும் உட்படாமலே தொழில் நடத்தின. இந்நிலையை மாற்றுவதற்காக லண்டனுக்கென்று 1998ஆம் ஆண்டு தனிச் சட்டமொன்று இயற்றப்பட்டது. அச்சட்டப்படி வாடகைச் சேவையை நடத்துபவருக்கு ஓர் அனுமதிப்பத்திரம், சாரதிக்கு ஒன்று, வண்டிக்கு ஒன்று என மூன்று அனுமதிப்பத்திரங்கள் வேண்டும். மூன்றுள் ஒன்று குறைந்தாலும் அந்தப் பயணம் சட்டத்துக்குப் புறம்பானது.

இச்சட்டத்தின் உயிர்நாடி முற்பதிவு என்பதேயாகும். இவ்வகைக் கார் வீதியில் நின்று ஆளை ஏற்றலாகாது. அதில் மீட்டர் பொருத்தலாகாது. சாரதி தாமாகவே பிரயாணியிடம் வாடகை பேசுதலும் ஆகாது. அனுமதி பெற்ற சேவை நிலையமொன்று முன்கூட்டியே பதிவை ஏற்று, அதைக் குறித்து வைத்த பின்னரே வண்டி பிரயாணியை ஏற்றலாம். பொது இடத்திற் பிரயாணிகளை அணுகி வாடகைக்கு ஆள் பிடிப்பது, 1994ஆம் ஆண்டின் குற்றவியல் நீதிச் சட்டமொன்றினால் தனிக் குற்றமாக்கப்பட்டுள்ளது. ஆகவே, அந்த மண்டபத்தில் அன்பாகப் பேசிய மனிதர் தமது முதல் வார்த்தையிலேயே குற்றம் இழைத்தவராகின்றார். அவரிடம் மெய்யாகவே அனுமதி பெற்ற கார் ஒன்று இருந்தாலும், பதிவின்றி ஆளை ஏற்றிச் செல்லும்போது அக்காரின் காப்புறுதி செல்லாததாகிவிடக் கூடும். வழியில் விபத்து நேர்ந்தால், பொதிகள் தொலைந்தால், கேட்ட தொகை இருமடங்கானால், அப்பயணம் நடந்தது என்பதற்கே சான்று எதுவும் இராது.

முற்பதிவு என்பது வெறும் வசதிக்குரிய காரியம் என்று பலர் எண்ணுகிறார்கள். லண்டனைப் பொறுத்தமட்டில் பிரயாணியின் பாதுகாப்பு முழுவதும் அந்தப் பதிவிலேயே தங்கியிருக்கின்றது. யார் வந்தார், எந்த வண்டியில் ஏற்றினார், எங்கே கொண்டு சென்றார் என்பவற்றுக்கு அதுவே எழுத்து மூலமான சாட்சி. 2021ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் இங்கிலாந்தின் உயர் நீதிமன்றம் இது தொடர்பாக முக்கியமான தீர்ப்பொன்றை வழங்கியது. லண்டனில் பதிவை ஏற்கும் சேவை நிலையம், பிரயாணியோடு தானே நேரடியாக ஒப்பந்தம் செய்துகொள்கின்றது என்பதே அத்தீர்ப்பின் சாரம். கைத்தொலைபேசிச் செயலியின் மூலம் அழைக்கப்படும் கார்களுக்கும் இது பொருந்தும். "சாரதிக்கும் பிரயாணிக்கும் இடையில் நடந்த காரியம், எமக்குச் சம்பந்தமில்லை" என்று அந்நிலையம் கைகழுவிவிட முடியாது.

இனி, பதிவு செய்பவர் கவனிக்கவேண்டியவை எவை என்று பார்க்கலாம்.

முதலாவதாக, பதிவை ஏற்பவர் யார் என்பதை உறுதி செய்தல் வேண்டும். இணையத்தில் விளம்பரம் செய்வோர் எல்லோரும் சேவை நடத்துபவர்கள் அல்லர், சிலர் இடைத்தரகர்கள். அவர்கள் பணத்தைப் பெற்றுக்கொண்டு பதிவை வேறொருவரிடம் ஒப்படைப்பார்கள். அந்த வேறொருவரின் பெயரையும் அனுமதிப்பத்திர இலக்கத்தையும் கேட்பதிற் தவறில்லை. லண்டன் போக்குவரத்து அதிகாரசபையின் இணையத்தளத்தில் அவ்விலக்கத்தைப் பரிசோதித்துக்கொள்ளலாம்.

இரண்டாவதாக, கட்டணம். பயணம் தொடங்குமுன் கட்டணத்தையோ அதன் மதிப்பீட்டையோ சேவை நிலையம் சொல்லியாக வேண்டும். அத்தொகையில் எவை அடங்கும் என்பதே வினாவவேண்டிய விடயம். ஹீத்ரோவில் பெயர்ப்பலகையோடு உள்ளே வந்து வரவேற்கும் சாரதி, தம் வண்டியைக் கட்டணம் செலுத்தும் தரிப்பிடத்தில் நிறுத்திவிட்டே வரவேண்டும். அந்தத் தரிப்பிடக் கட்டணம் யார் பொறுப்பு? விமானம் தரையிறங்கிய பின் எத்தனை நிமிடம் வரை இலவசமாகக் காத்திருப்பார்? கடவுச்சீட்டு வரிசையிலே ஒரு மணி நேரத்துக்கு மேல் நிற்க நேர்வதும் உண்டாதலால், இந்தக் கேள்வி அற்பமானதன்று. திரும்பிச் செல்லும் பயணத்தையும் சேர்த்துப் பதிவு செய்பவர், மேலும் ஒன்றை நினைவிற் கொள்ளல் நன்று. முனைய வாயிலிற் பிரயாணிகளை இறக்கும் வண்டிகளிடமிருந்து 2021ஆம் ஆண்டு நவம்பர் முதல் விமான நிலையம் கட்டணம் அறவிடுகின்றது.

மூன்றாவதாக, நாளும் நேரமும். பதிவில் எழுதவேண்டியது விமானம் புறப்படும் நேரம் அன்று. லண்டனைச் சேரும் நேரம், அதுவும் லண்டன் நேரப்படி. இரவிற் புறப்பட்டு மறுநாட் சென்றடையும் விமானமாயின், புறப்படும் திகதியைத் தவறுதலாக எழுதிவிடுவோர் உண்டு. அவர்களுக்காகச் சாரதி ஒருவர் முந்திய நாளே வந்து காத்து நின்று, ஆளைக் காணாது திரும்பிவிடுவார். இலங்கை நேரம் லண்டன் நேரத்திலும் மாரியில் ஐந்தரை மணியும், கோடையில் நாலரை மணியும் முந்தியது. மார்ச் மாதத்தின் கடைசி ஞாயிறும், ஒக்டோபர் மாதத்தின் கடைசி ஞாயிறும் அங்கே கடிகாரம் மாற்றப்படும் நாட்கள். விமானத்தின் இலக்கத்தைத் தவறாது கொடுத்தல் வேண்டும். அதைக் கொண்டே சேவை நிலையத்தார் விமானத்தின் தாமதத்தை அறிந்து சாரதியை அனுப்புவர்.

நான்காவதாக, இடம். ஹீத்ரோவில் இப்பொழுது நான்கு முனையங்கள் இயங்குகின்றன. முதலாம் முனையம் 2015ஆம் ஆண்டு மூடப்பட்டமையால், இரண்டு முதல் ஐந்து வரை அவற்றின் இலக்கங்கள் வழங்கும். நாலாம், ஐந்தாம் முனையங்கள் மற்றவற்றிலிருந்து நடந்து செல்ல இயலாத தூரத்தில் உள்ளன. எனவே முனையத்தின் இலக்கத்தைப் பிழையாகச் சொன்னால், சாரதி ஓரிடத்திலும் பிரயாணி வேறோரிடத்திலுமாக நின்று தவிக்க நேரும். விடுதியின் பெயர் மட்டும் போதுமென்று எண்ணுவதும் தவறு. ஒரே பெயருடைய விடுதிகள் லண்டனின் பல பகுதிகளில் உண்டு. வீதியின் பெயரையும், எல்லாவற்றுக்கும் மேலாக அஞ்சற் குறியீட்டையும் எழுதுதல் வேண்டும்.

ஐந்தாவதாக, ஏறுவோர் எத்தனை பேர், பெட்டிகள் எத்தனை என்பன. நால்வர் அமரக்கூடிய காரில் நால்வரின் பெரிய பெட்டிகளும் அடங்கிவிடும் என்று நம்பலாகாது. சக்கர நாற்காலி உண்டாயின் அதனையும் குறிப்பிடுதல் வேண்டும். குழந்தைகள் உடன் வருவதாயின், அவர்களுக்குரிய ஆசனத்தையும் முன்கூட்டியே கேட்டல் நன்று. அவ்வாசனத்தை எப்பொழுதும் வண்டியில் வைத்திருக்கும் கட்டாயம் சாரதிக்கு இல்லை.

இவ்வாறு பதிவு செய்தவருக்கு உறுதிச் செய்தி ஒன்று கிடைக்கும். சாரதியின் பெயர், வண்டியின் இலக்கம் முதலிய விபரங்களையும் பிரயாணிக்கு அறிவித்தல் வேண்டும் என்பது லண்டன் விதி. அவ்விபரங்களையும், சேவை நிலையத்தின் தொலைபேசி இலக்கத்தையும் ஒரு தாளில் எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளுதல் நல்லது. அந்நிய மண்ணில் இறங்கிய வேளையில் கைத்தொலைபேசி இயங்க மறுப்பது புதுமையன்று. எழுதிய தாளுக்கு அக்குறை இல்லை.

சாரதியைச் சந்திக்கும்போது ஒரு சிறு முன்னெச்சரிக்கை பயன்படும். பெயர்ப்பலகையில் உள்ள பெயரை எவரும் வாசித்துவிடலாம். ஆதலால் பிரயாணி தாம் செல்லும் இடத்தை முதலிற் சொல்லாமல், "எந்த விடுதிக்கு அழைத்துச் செல்கிறீர்கள்?" என்று கேட்பது நன்று. உண்மையான சாரதி உடனே விடை சொல்வார். பின்னர் வண்டியின் இலக்கத்தையும், முன் பின் கண்ணாடிகளில் ஒட்டப்பட்ட அனுமதி வில்லையையும் ஒருமுறை நோக்கினாற் போதும். இவ்வாறு கேட்பதை மரியாதைக் குறைவாக நேர்மையான சாரதி கருதமாட்டார்.

முற்பதிவு செய்த கார் எல்லோருக்கும் இன்றியமையாதது என்று சொல்லிவிட முடியாது. பெட்டி ஒன்றோடு தனியே செல்லும் இளைஞருக்குப் புகையிரதமே மலிவானது. நெரிசல் மிகுந்த நேரங்களில் விரைவானதும் அதுவே. பிக்கடிலி எனப்படும் நிலக்கீழ்ப் புகையிரதப் பாதை 1977ஆம் ஆண்டு ஹீத்ரோவை எட்டியது. பாடிங்டன் நிலையத்துக்கு விரைந்து செல்லும் ஹீத்ரோ எக்ஸ்பிரஸ் 1998இலும், நகரை ஊடறுத்துச் செல்லும் எலிசபெத் பாதை 2022இலும் தொடங்கப்பட்டன. பதிவு செய்யாமல் வந்து, காரே வேண்டுமென்போர் முனையத்தின் வெளியே உள்ள கறுப்பு டாக்ஸி வரிசையில் நின்று ஏறலாம். வாடகை கூடுதலாயினும் அது சட்டப்படியான வழி. முதியோர், நோயாளர், குழந்தைகளோடு செல்வோர், இரவில் வந்திறங்குவோர் ஆகியோருக்கே முற்பதிவு பெரிதும் உதவுகின்றது.

பதிவு என்பது இருவரைப் பிணைக்கும் உடன்பாடு என்பதையும் மறத்தலாகாது. பயணத்தைக் கைவிட்டவர், அல்லது உறவினர் ஒருவர் வந்து அழைத்துச் செல்ல இசைந்தவர், அதனைச் சேவை நிலையத்துக்கு அறிவித்துவிட வேண்டும். அறிவிக்காவிடின், வராத ஒருவருக்காகச் சாரதி நள்ளிரவிற் பலகையோடு நின்றுகொண்டிருப்பார். லண்டன் நகரின் வாடகைக் கார்ச் சாரதிகளிற் பலர் தாமும் வேற்று நாடுகளிலிருந்து வந்து குடியேறியவர்கள். புதிய ஊரில் வந்திறங்குவோரின் மருட்சி இன்னதென்று அவர்களுக்கு எடுத்துச் சொல்லவேண்டியதில்லை.

மண்டபத்தில் நின்ற முதிய தம்பதியர், அணுகி வந்த மனிதரிடம், "வேண்டாம், எங்களுக்கு வண்டி வந்திருக்கின்றது" என்று சொல்லிவிட்டு, கம்பித் தடுப்பின் ஓரமாக நடக்கின்றார்கள். ஒரு பலகையிலே தங்கள் பெயர் சற்றுப் பிழையாக எழுதப்பட்டிருப்பதை மனைவி கண்டுவிடுகின்றார். கணவர் சட்டைப்பையிலிருந்து தாளை எடுத்து, விடுதியின் பெயரைக் கேட்கின்றார். சாரதி வீதியின் பெயரோடு விடை சொல்கின்றார். அதன் பின்னரே பெட்டி வண்டி கைமாறுகின்றது. வெளியே குளிர் கடுமையாக இருக்கின்றது. காரின் கதவு மூடப்பட்டதும், கணவர் தமது கைக்கடிகாரத்தைக் கழற்றி, லண்டன் நேரத்துக்குத் திருப்பி வைக்கின்றார்.