நொதி இல்லாத இடத்தில் எதிர்ப்பொருள் என்ன சொல்கிறது?

நச்சுநீக்க நொதிகளைப் பற்றிய இந்தக் கருத்தரங்கில் நாம் கேட்கவிருக்கும் முடிவுகளில் பல, ஏதோ ஓர் எதிர்ப்பொருளை நம்பி எட்டப்பட்டவை. கல்லீரலில் ஒரு நொதி மிகுந்திருக்கிறது, கட்டித் திசுவில் குறைந்திருக்கிறது என்று எழுதும் நாம் அந்த நொதியை நேரில் கண்டவர்கள் அல்லர். வெஸ்டர்ன் பிளாட்டில் விழுந்த பட்டையையும் திசுச் சீவலில் ஏறிய பழுப்பு நிறத்தையுமே கண்டோம். ஆகவே இந்தத் தலைமையுரையில் ஒன்றை மட்டும் வற்புறுத்த விரும்புகிறேன். ஒரு நொதியைக் காட்டுவதாகச் சொல்லப்படும் எதிர்ப்பொருள், அந்த நொதி அறவே இல்லாத மாதிரியில் ஒன்றும் காட்டாமல் இருக்கிறதா என்பதை முதலில் சோதிக்க வேண்டும். அதன் பிறகே அது சொல்வதைத் தரவு என்று ஏற்கலாம்.

குளூட்டாதயோன் டிரான்ஸ்ஃபரேஸ் எம்1 என்ற நொதியை எடுத்துக்கொள்வோம். புகையிலைப் புகையிலுள்ள பென்சோபைரீன் உடலுக்குள் எபாக்சைடாக மாறி டிஎன்ஏவோடு ஒட்ட முனையும். அதனோடு குளூட்டாதயோனை இணைத்து வெளியேற வழிசெய்யும் நொதிகளுள் எம்1 ஒன்று. இதன் மரபணு ஒன்றாம் குரோமோசோமில் எம்2, எம்3, எம்4, எம்5 ஆகிய உடன்பிறப்புகளோடு நெருங்கி அமைந்திருக்கிறது. அதன் இருபுறமும் ஏறக்குறைய ஒரே வரிசை கொண்ட இரு துண்டுகள் உண்டு. அவை தமக்குள் மாறி இணைந்ததால், நடுவிலிருந்த மரபணு சிலரிடம் முழுதாகவே கழன்றுபோயிற்று. டிரான்ஸ்-ஸ்டில்பீன் ஆக்சைடின்மேல் சிலருடைய நொதி ஏன் செயல்படுவதில்லை என்ற கேள்விக்கு இந்த இழப்பே விடை என்பதை 1988இல் சீடகார்ட் குழுவினர் காட்டினர். ஐரோப்பிய வம்சாவளியினரில் ஏறத்தாழப் பாதிப்பேருக்கு இரு பிரதிகளும் இல்லை. இந்தியாவில் விகிதம் குறைவுதான், ஆனால் அரிது அன்று. மற்ற புரதங்களுக்கு ஆய்வகத்தில் மரபணுவை வெட்டி நீக்கிச் செய்ய வேண்டிய ஒப்பீட்டை இந்த நொதிக்கு இயற்கையே செய்து வைத்திருக்கிறது. அதைப் பயன்படுத்தாத கட்டுரைகள் இன்னும் வருகின்றன என்பதுதான் வியப்பு.

பட்டை சரியான எடையில்தான் விழுகிறதே என்பார்கள். எம்1, எம்2 இரண்டும் 218 அமினோ அமிலங்கள் கொண்டவை, இரண்டும் 26 கிலோடால்டனை ஒட்டியவை, வரிசையிலும் 80 விழுக்காட்டுக்கு மேல் ஒத்தவை. எடை இங்கே எதையும் பிரித்துக் காட்டாது. தசையில் எம்2 நிறைய உண்டு. ஆகவே எம்1 மரபணுவே இல்லாதவரின் தசையிலும் அழகான பட்டை விழக்கூடும். ஓரின எதிர்ப்பொருளுக்கு இந்தச் சிக்கல் இல்லை என்பது அடுத்த வாதம். 1975இல் கோலரும் மில்ஸ்டைனும் தந்த ஹைப்ரிடோமா முறை, எதிர்ப்பொருள் ஒரே பகுதியைப் பற்றும் என்பதற்கு உறுதி தந்தது. அந்தப் பகுதி ஒரே புரதத்தில்தான் இருக்கும் என்பதற்கு அது உறுதி தரவில்லை. எதிர்ப்பொருளை உருவாக்கத் தூண்டிய பெப்டைடைச் சேர்த்தால் பட்டை மறைகிறது என்பதும் சான்றாகாது. எம்2வைப் பற்றும் எதிர்ப்பொருளும் அதே பெப்டைடால் அடைபட்டுவிடும்.

இது ஒரு நொதியின் தனிக்குறை அன்று. 2016இல் ஊலெனும் உடன் ஆய்வாளர்களும் எதிர்ப்பொருள்களைச் சரிபார்க்க ஐந்து வழிகளை முன்வைத்தபோது, மரபணுவை நீக்கிப் பார்த்தலும் அவற்றில் இடம்பெற்றது. 2023இல் வெளியான, ஒய்காரோஸ் என்ற எதிர்ப்பொருள் சோதனைக் குழுவின் ஆய்வு, 65 புரதங்களுக்கான 614 எதிர்ப்பொருள்களை மரபணு நீக்கிய செல்களோடு ஒப்பிட்டது. பாதிக்கு மேற்பட்டவை ஏதேனும் ஒரு சோதனையிலாவது தோற்றன. ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது இங்கே செல்லாது. பிளாட்டில் தேறிய எதிர்ப்பொருள், ஃபார்மலினில் பதப்பட்டு வடிவம் மாறிய திசுவில் தேறும் என்று சொல்ல முடியாது. ஒவ்வொரு பயன்பாட்டுக்கும் தனிச் சோதனை தேவை.

இரண்டு மறுப்புகளுக்கு எடை உண்டு. முதலாவது, மனிதர்கள் ஒருவருக்கொருவர் ஆயிரம் வகையில் வேறுபடுகிறார்கள்; ஒரே செல் வரிசையில் கிரிஸ்பர் கொண்டு மரபணுவை நீக்குவதே தூய ஒப்பீடு என்பது. தூய ஒப்பீடு என்பதை ஏற்கிறேன். ஆனால் நாம் முடிவு சொல்வது செல் வரிசையைப் பற்றி அன்று, திசுவைப் பற்றி. அங்கேதான் எம்2வும் எம்3யும் தத்தம் அளவில் இருந்து குழப்புகின்றன. மரபணு அற்றவர்களின் மாதிரிகள் ஒன்றுக்குப் பதில் பல இருந்தால் தனிமனித வேறுபாடு பெரும்பாலும் அடங்கிவிடும். இரண்டாவது, செலவு. சிறிய கல்லூரி ஆய்வகத்தால் கிரிஸ்பர் செல்களை வாங்க இயலாமல் போகலாம். எம்1 இழப்பைக் காட்டும் பிசிஆரோ முதுகலை மாணவர் செய்யும் சோதனை. வழக்கமான அந்த முறை ஒரு பிரதி உள்ளவரையும் இரண்டு உள்ளவரையும் வேறுபடுத்தாது என்பது மெய்தான். நமக்கு வேண்டியவர்கள் பிரதியே இல்லாதவர்கள், அவர்களை அது காட்டிவிடும். வினை நிகழாமல் போனதை இழப்பு என்று எண்ணிவிடாதபடி, அதே குழாயில் வேறொரு மரபணுவையும் பெருக்கிப் பார்த்தால் போதும்.

ஆகவே இன்றைய முதல் அமர்வில் பேசுபவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பட்டைப் படத்தைத் திரையில் காட்டும்போது, மரபணு அற்ற மாதிரி எந்தத் தடத்தில் ஓடியது என்று சொல்லுங்கள். அப்படி ஒரு தடம் இல்லையென்றால் அதையும் சொல்லிவிட்டு முடிவுக்குப் போங்கள். விவாதத்தை அங்கிருந்து தொடங்கலாம்.