வாங்கிய பெட்டி நமக்கே சொந்தமாகட்டும்

(குனோங் ராபாட் குடும்பங்களிடையே ஆற்றிய உரை)



நில வழக்கு, அடையாள அட்டை என்று பேசுகிற வழக்கறிஞர் இன்று வைஃபை ரௌட்டரைப் பற்றிப் பேசுகிறாரே என்று நினைப்பீர்கள். இதுவும் உரிமைப் பேச்சுதான். 2020 மார்ச் 18-இல் நடமாட்டக் கட்டுப்பாடு வந்தபோது, நம் பிள்ளைகளின் வகுப்பறை இணையம் வழியாகத்தான் வீட்டுக்கு வந்தது. இன்றும் வேலை மனு, உதவித்தொகை விண்ணப்பம் எல்லாம் அதன் வழியாகத்தான்.

தோட்டத்து லயன் வீட்டில் தலைமுறை தலைமுறையாக இருந்தோம். தோட்டம் கைமாறியதும் அந்த வீடு நமதில்லை என்றார்கள். ரௌட்டரும் கிட்டத்தட்ட அப்படித்தான். காசு நம்முடையது, உள்ளே ஓடும் மென்பொருள் கம்பெனியின் கையில். சில ஆண்டுகளில் கம்பெனி பாதுகாப்புத் திருத்தங்களை நிறுத்திவிடும். பெட்டி நன்றாகவே ஓடும். ஆனால் புதிதாகக் கண்டுபிடிக்கப்படும் ஓட்டைகளை அடைக்க ஆளிருக்காது. மறுபடியும் புதுப் பெட்டிக்குச் செலவு.

இதற்கு மாற்று உண்டு. லிங்க்சிஸ் கம்பெனியின் டபிள்யூஆர்டி54ஜி என்ற ரௌட்டருக்குள் லினக்ஸ் இருப்பதை 2003-இல் நிரலாளர்கள் கண்டுபிடித்தார்கள். லினக்ஸின் உரிமம் ஜிபிஎல். அந்த மென்பொருளை விற்கிறவர், வாங்கியவர் கேட்டால் அதன் மூல நிரலையும் கொடுக்க வேண்டும் என்பது அதன் நிபந்தனை. கம்பெனி மூல நிரலை வெளியிட்டது. அதை அடிப்படையாகக் கொண்டு 2004-இல் தொடங்கியதுதான் ஓப்பன்டபிள்யூஆர்டி. இலவசம், இன்றும் திருத்தங்கள் வந்துகொண்டே இருக்கின்றன.

அந்த உரிமம் வெறும் காகிதமா? இல்லை. அதே 2004-இல் ஹரால்ட் வெல்டே என்ற நிரலாளர் தொடுத்த வழக்கில், ஜெர்மனியின் மியூனிக் நீதிமன்றம் சைட்காம் நிறுவனத்துக்கு எதிராகத் தடையுத்தரவு கொடுத்தது. நிபந்தனையை மீறி அந்த மென்பொருளோடு ரௌட்டர் விற்கக்கூடாது என்பதே உத்தரவு. எழுதி வைத்த உரிமையை யாராவது கேட்டால்தான் அது உயிர் பெறும்.

இனி வாங்குகிற விஷயம். கடையில் முதலில் பெட்டியின் அடியில் உள்ள ஸ்டிக்கரைப் பாருங்கள். மாடல் பெயர் மட்டும் போதாது, வெர்ஷன் எண்ணும் வேண்டும். 2005-இல் அதே டபிள்யூஆர்டி54ஜி ஐந்தாம் வெர்ஷனில் லினக்ஸை எடுத்துவிட்டார்கள், நினைவகத்தையும் பாதியாகக் குறைத்தார்கள். வெளியே அதே பெயர், உள்ளே வேறு சரக்கு. இன்றும் பல கம்பெனிகள் இப்படி மாற்றுவதுண்டு.

அந்த மாடலும் வெர்ஷனும் ஓப்பன்டபிள்யூஆர்டியின் ஆதரவுப் பட்டியலில் இருக்கிறதா என்று கைப்பேசியிலேயே தேடுங்கள். ஃபிளாஷ் 16 எம்பி, ரேம் 128 எம்பி, இதற்குக் குறையக் கூடாது. 4 எம்பி ஃபிளாஷ், 32 எம்பி ரேம் உள்ள பழைய பெட்டிகளுக்குப் புதிய வெளியீடுகள் வருவதில்லை. மலிவு என்று வாங்கி ஏமாறாதீர்கள். பிராட்காம் சிப் உள்ளவற்றில் வைஃபை பலவற்றில் சரியாக வேலை செய்யாது. மீடியாடெக் சிப் நல்ல தேர்வு. நிறுவும் வேலை பயமாக இருந்தால், ஓப்பன்டபிள்யூஆர்டியை அடிப்படையாகக் கொண்டே விற்கும் ஜிஎல்.ஐநெட் போன்ற பெட்டிகள் உண்டு. 2024-இல் ஓப்பன்டபிள்யூஆர்டி ஒன் என்ற பெட்டியே 89 அமெரிக்க டாலருக்கு வந்தது. அன்றைய மதிப்பில் ஏறக்குறைய 400 வெள்ளி. நம் வீட்டுக்கு அவ்வளவு தேவையில்லை. பட்டியலில் உள்ள கைமாறிய பெட்டியே போதும். எதை வாங்கினாலும் சிரிம் சான்று பெற்றதா என்று பாருங்கள்.

வழக்கறிஞனாக ஓர் எச்சரிக்கை. இணையக் கம்பெனி கொடுத்த பெட்டி யாருக்குச் சொந்தம் என்று ஒப்பந்தத்தில் படியுங்கள். இரவலாக வந்திருந்தால் அதில் கைவைக்காதீர்கள். ஃபைபர் மோடத்தையும் தொடாதீர்கள். உங்கள் சொந்த ரௌட்டரை மட்டும் மாற்றுங்கள். யூனிஃபை என்றால் இணையத்துக்கு விலான் எண் 500. உங்கள் கணக்கின் பயனர் பெயரும் கடவுச்சொல்லும் தேவைப்படும். முன்னதாகவே எழுதி வையுங்கள்.

நிறுவும்போது மின்சாரம் போனால் பெட்டி செத்துப்போகலாம்; உத்தரவாதமும் போகலாம். அதனால் இடிமழை நேரத்தில் வேண்டாம். கேபிள் வழியாகச் செய்யுங்கள், வைஃபையில் வேண்டாம். முடிந்ததும் முதல் வேலை கடவுச்சொல் வைப்பது. பிறகு நாட்டை மலேசியா என்று தேர்ந்தெடுத்து வைஃபையைத் திறந்துவிடுங்கள். பெரும்பாலும் அது மூடியே இருக்கும்.

கணினி படிக்கும் பிள்ளை நம் தாமானில் இல்லாமலில்லை. அந்தப் பிள்ளையைக் கூப்பிட்டு உட்கார வைத்துச் செய்யச் சொல்லுங்கள். ஒரு வீட்டில் கற்றது பத்து வீட்டுக்கு உதவும். காசு மிச்சமாவது நல்லதுதான். அதைவிட, நம் வீட்டில் ஓடும் பொருளைத் திறந்து பார்க்கவும் திருத்தவும் நமக்கு உரிமை உண்டு என்று நம் பிள்ளைகள் தெரிந்துகொள்வது பெரிது.